டைவர்ஜென்ட் செட்: மூன்றா, நான்கா, எந்த வரிசையில் படிப்பது?

டைவர்ஜென்ட் செட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பெட்டிக்குள் மூன்று புத்தகமா நான்கா என்பது. அமெரிக்க எழுத்தாளர் வெரோனிகா ராத் இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதிய இந்த நாவல் கதை மூன்றிலேயே முடிந்துவிடுகிறது: டைவர்ஜென்ட் (2011), இன்சர்ஜென்ட் (2012), அலீஜியன்ட் (2013). நான்காவதாகச் சேர்த்து விற்கும் 'ஃபோர்' (2014), நாயகன் ஃபோரின் பார்வையில் எழுதப்பட்ட கதைகளின் தொகுப்பு. அது இல்லாவிட்டாலும் கதையில் எதுவும் குறையாது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள், கையில் காசு கணக்காக இருக்கிறது என்றால் மூன்று புத்தக செட்டே போதும்.

கதை நடப்பது எதிர்காலச் சிகாகோவில். ஊர் ஐந்து பிரிவாகக் கிடக்கிறது. சாம்பல் நிற உடையில், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத அப்னகேஷன். கறுப்பு உடையும் பச்சை குத்துமாக ஓடும் ரயிலில் ஏறிக் குதிக்கும் டான்ட்லெஸ். படிப்பே கதி என்றிருக்கும் எருடைட். பொய்யே பேசாத கேண்டர். சண்டை சச்சரவுக்கே போகாத அமிட்டி. பதினாறு வயதானால் ஊர் முன்னால் நின்று கையைக் கீறி, ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் ரத்தம் விட வேண்டும். எந்தக் கிண்ணமோ அந்தப் பிரிவு. பெற்றோரின் பிரிவை விட்டுப் போனால் போனதுதான், திரும்பி வர வழியில்லை. புதுப் பிரிவின் பயிற்சியில் தோற்றால் எந்தப் பிரிவும் இல்லாமல் தெருவில் நிற்க வேண்டியதுதான். ரத்த உறவைவிடப் பிரிவு பெரிது என்பது அங்கே வேதவாக்கு.

முழு செட்டிலும் மிகக் கச்சிதமாக எழுதப்பட்ட இடம் இந்தச் சடங்குதான். பெயர்களை அகர வரிசையின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிக் கூப்பிடுகிறார்கள். நாயகி பியட்ரிஸுக்கு முன்னால் அவள் அண்ணன் கேலப் போகிறான். அப்பா அம்மா பிரிவிலேயே இருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அவன் ரத்தம் வேறு கிண்ணத்தில் விழுகிறது. அடுத்தது இவள் முறை. இவளும் போய்விட்டால் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்து வீடு திரும்ப வேண்டும் பெற்றோர். அந்த நினைப்போடு கத்தியை எடுக்கிறாள். யோசிக்க அவளுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். குடும்பமா கொள்கையா என்ற கேள்வியைப் பக்கம் பக்கமாக வசனம் பேசாமல் இவ்வளவு சுருக்கமாக வைத்தது பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு, அவள் போய்ச் சேரும் டான்ட்லெஸ் பிரிவின் பயிற்சி. முதல் கட்டம் கைச்சண்டை, துப்பாக்கி, கத்தி. இரண்டாவது, ஊசி போட்டு மனதில் பயத்தை ஓடவிட்டு அதிலிருந்து வெளியேறுவது. மூன்றாவது, தன் பயங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சந்திப்பது. முதல் பத்து இடத்துக்குள் வராதவர் வெளியே. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் எதிரெதிரே நின்ற ஊர் வடசென்னை. எந்த வாத்தியாரிடம் கற்றோமோ அந்தப் பரம்பரைக்கே விசுவாசம் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் கிளவுஸ் மாட்டிப் பழகும் பிள்ளைகள் இந்தச் சண்டைகளைப் படித்தால் கேள்வி கேட்பார்கள். எடைப் பிரிவு கிடையாது, ஒருவர் எழ முடியாமல் விழும்வரை விடுவதில்லை. பயிற்சி என்ற பெயரில் ஆளை முடமாக்கிவிட்டால் படை எங்கிருந்து வரும்? இதற்குக் கதையில் சரியான பதில் இல்லை. ஒரு நுணுக்கம் மட்டும் உருப்படி: உடம்பில் வலு இல்லாதவள் முழங்கையையும் முழங்காலையும் நம்பு என்று பயிற்சியாளன் ஃபோர் சொல்லித் தருவது.

காதல் அவனோடுதான். பாதிப் புத்தகம் தாண்டிய பிறகே முதல் முத்தம். ஒரு பெண்ணுக்கு இரண்டு பையன்கள் என்ற வழக்கமான முக்கோணம் இல்லை, அதுவே நிம்மதி. அவனுக்கும் வீட்டில் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் இருவரும் ஓயாமல் முட்டிக்கொள்வதற்குக் காரணம் காதல் சந்தேகம் அல்ல; யாருடைய அப்பா அம்மாவை எவ்வளவு நம்புவது என்பதுதான். அந்தச் சண்டைகள் நீளம், ஆனால் பொய்யில்லை.

படிக்கும் வரிசையில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'ஃபோர்' காலக்கணக்கில் முந்தியது என்று அதை முதலில் எடுத்தால் நாயகன் யார் என்ற மர்மமே போய்விடும். முதல் புத்தகத்துக்கு அடுத்து எடுத்தால் அவன் குடும்பம் பற்றி இன்சர்ஜென்ட் வைத்திருக்கும் திருப்பம் கெடும். மூன்றையும் முடித்த பிறகு படிப்பதே சரி.

மூன்றாம் புத்தகம் கொஞ்சம் சறுக்கல். அதுவரை நாயகி மட்டும் சொன்ன கதையை இதில் இருவரும் மாறிமாறிச் சொல்கிறார்கள். இருவர் குரலும் ஒரே மாதிரி இருப்பதால், அத்தியாயத்தின் தலையில் போட்டிருக்கும் பெயரைப் பார்க்காமல் போனால் நான்கு பக்கம் கழித்துக் குழம்பி நிற்பீர்கள். பிரிவுகள் ஏன் வந்தன என்பதற்கு மரபணுவை வைத்துத் தரும் விளக்கமும் பலவீனம். முடிவு வாசகர்களை இரண்டாகப் பிளந்த ஒன்று. இணையத்தில் தேடாதீர்கள், முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள். படமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க வேண்டாம். 2014, 2015, 2016இல் மூன்று படங்கள் வந்தன. கடைசிப் புத்தகத்தை இரண்டாக வெட்டி முதல் பாதியை மட்டும் எடுத்தார்கள், மறுபாதி வரவே இல்லை.

ஆங்கிலம் எளிது. நிகழ்காலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள், அத்தியாயம் பன்னிரண்டு பக்கம் சுமார். தமிழ் மீடியம் பிள்ளைகூட முதல் ஐம்பது பக்கத்தைத் தாண்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். பிரிவுகளின் பெயர்கள்தான் கொஞ்சம் பல்லை உடைக்கும். வயது பதினாலுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டால் அடிக்கும் தகப்பன், ஒரு தற்கொலை, கண்ணில் கத்தி இறங்கும் சம்பவம் எல்லாம் முதல் புத்தகத்திலேயே வருகின்றன. காதல் காட்சிகளைவிடப் பெற்றோர் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்.

பழைய பிரதி தேடுகிறவர்களுக்கு அல்லிக்குளம் வளாகம் இருக்கிறது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் போய்ச் சேர்ந்த இடம். எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து சென்ட்ரல் மின்சார ரயிலில் வந்தால், இறங்கும் நிலையத்துக்கே இன்னும் மூர் மார்க்கெட் பெயர்தான். அங்கிருந்து நடை தூரம். ஒரே செட்டாகக் கிடைப்பது அபூர்வம். அமெரிக்கப் பதிப்பு ஒன்று, பிரிட்டிஷ் பதிப்பு ஒன்று, படத்தின் ஸ்டில் போட்ட அட்டை ஒன்று என்று கலந்து வரும், உயரமும் ஒத்துப்போகாது. படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை.

எங்கே வாங்கினாலும் திருட்டுப் பதிப்பா என்று பாருங்கள். தாள் சாம்பல் பூத்து மெலிந்திருக்கும், எழுத்து ஊதிப்போய் மை கசிந்த மாதிரி தெரியும், உள் ஓரத்து எழுத்துகள் பைண்டிங்குக்குள் போய்விடும். அதைவிட மோசம் பாரம், அதாவது பதினாறு பக்கம் சேர்ந்த அச்சுக் கட்டு, மாறுவது: ஒரே பதினாறு பக்கம் இரண்டு முறை வந்து, அடுத்த பதினாறு காணாமல் போயிருக்கும். பக்கங்களை விசிறி மாதிரி புரட்டினால் இது கண்ணில் படாது. அத்தியாய எண்களைத் தொடர்ந்து பாருங்கள். டைவர்ஜென்ட்டில் 39, இன்சர்ஜென்ட்டில் 47, அலீஜியன்ட்டில் 56, அதன் பிறகு ஒரு பின்னுரை.

நல்ல பதிப்பும் பசை பைண்டிங்தான். ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கம் சுமார். கவிழ்த்து வைத்தால் முதுகில் கோடு விழும், இரண்டு கை மாறினால் நடுப்பக்கங்கள் கழன்றுவரும். காசிமேடு மாதிரிக் கடலோரத் தெருக்களில் ஈரக்காற்றுக்குத் தாள் சீக்கிரம் பழுப்பேறும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் வீடு என்றால் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பெட்டி அட்டையும் வெறும் மெல்லிய கார்டுதான். இறுக்கமாகச் செருகி இழுத்தால் ஓரம் கிழியும். பெட்டிக்காக மட்டும் கூடுதல் காசு கேட்டால் தர வேண்டாம். பிள்ளைக்குப் பிடிக்குமா என்று சந்தேகமா, முதல் புத்தகத்தைத் தனியாக வாங்குங்கள்.