மெகலோடான் யாருக்கு உறவு? பற்களை வைத்து ஒரு வழக்கு

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது என்பதால், மெகலோடான் நமக்கு விட்டுச்சென்றவை பெரும்பாலும் பற்களும் சில முள்ளெலும்புகளும்தான். ஆகவே, சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன இந்தப் பெருஞ்சுறாவின் வம்சம் எது என்ற வழக்கு, பற்களைச் சாட்சியாக வைத்தே நடந்துவந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெயரிட்ட இயற்கையியலாளர் லூயி அகாசி, இன்றைய வெள்ளைச் சுறா அடங்கிய கார்க்கரோடான் பேரினத்திலேயே இதையும் சேர்த்தார். இரண்டின் பற்களும் முக்கோண வடிவம் கொண்டவை, இரண்டின் விளிம்பிலும் ரம்பம் போன்ற வெட்டுகள் உண்டு. ஆகையால் அந்த முடிவில் வியப்பில்லை. ஆனாலும் ரம்ப விளிம்பை மட்டும் பார்த்து உறவு சொல்வது, மீசை ஒத்திருக்கிறது என்பதற்காக இருவரை அண்ணன் தம்பி என்று சொல்வதைப் போன்றதுதான்.

மறுதரப்பு மெகலோடானை, முற்றிலும் அழிந்துபோன ஓட்டோடஸ் என்ற சுறா வம்சத்தில் வைக்கிறது. மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்களில் ஏராளமாகக் கிடைக்கும், அந்த வம்சத்தின் பழைய இனமான ஓட்டோடஸ் ஒப்ளிக்குவஸ் பற்களின் விளிம்பு வழவழப்பானது. நடுக்கூருக்கு இருபுறமும் இரண்டு சிறு கூர்கள் நிற்கும். பிற்காலப் பாறை அடுக்குகளுக்கு வரவர விளிம்பில் ரம்பம் தோன்றுகிறது, பக்கக் கூர்கள் சிறுத்துக்கொண்டே வந்து, மெகலோடானில் இல்லாமலே போகின்றன. வெள்ளைச் சுறாவுக்கோ முன்னோர் வேறு. பெருவின் பிஸ்கோ பாறைகளில் 1988இல் 222 பற்களோடும் 45 முள்ளெலும்புகளோடும் கிடைத்து, 2012இல் கார்க்கரோடான் ஹப்பெல்லி எனப் பெயர் பெற்ற சுறாவின் பற்களில் ரம்பம் அரைகுறையாகவே இருக்கிறது. விளிம்பில் ரம்பமே இல்லாத, மாகோ சுறாவை ஒத்த பற்கள் கொண்ட ஒரு மூதாதைக்கும் வெள்ளைச் சுறாவுக்கும் இடைப்பட்ட நிலை அது. இரண்டு குடும்பங்கள் தனித்தனியே ஒரே ஆயுதத்தை அடைந்திருக்கின்றன என்ற இந்தத் தரப்பே எனக்கு வலுவாகப் படுகிறது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலைப்பாடும் இதுதான்.

இது வெறும் பெயர்த் தகராறு அன்று. மெகலோடான் வெள்ளைச் சுறாவின் நெருங்கிய உறவு இல்லை என்றால், வெள்ளைச் சுறாவின் உடலை அப்படியே பெருக்கி அதன் உருவத்தையும் நீளத்தையும் கணிக்கும் பழைய வழக்கமும் ஆட்டம் காண்கிறது.

மெகலோடானின் மிகப் பெரிய பற்கள் 17 சென்டிமீட்டரைத் தாண்டுபவை என்பதால் அவற்றில் குழப்பம் வராது. ஆறு சென்டிமீட்டர் பல் ஒன்று கைக்கு வந்தால்தான் சிக்கல். அதைத் திருப்பி, நாக்கை நோக்கியிருந்த பக்கத்தில் வேரும் மேற்பகுதியும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும்: அங்கே அம்புமுனை போல வளைந்த கருமையான பட்டை இருந்தால் அது மெகலோடான். பட்டை உதிர்ந்திருந்தால் நகத்தை விளிம்பில் ஓட்டிப் பார்க்கலாம். மெகலோடானின் வெட்டுகள் நுண்மையாகவும் சீராகவும் இருக்கும், வெள்ளைச் சுறாவின் வெட்டுகள் நகத்தில் தட்டித் தட்டிப் போகும்.