மாடித்தோட்ட வேலைகளை நினைவில் வைக்க: காலண்டரா, நோட்டா, செயலியா?

எங்கள் மாடியில் இப்போது 42 பைகள் இருக்கின்றன. பத்து பை இருந்தவரை எதையும் எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. காலையில் காபியோடு மேலே போனால் எது வாடியிருக்கிறது, எதில் பூச்சி விழுந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டியதும் அது முடியவில்லை. கத்தரிக்கு வேப்பம் பிண்ணாக்கு போட்டோமா, மிளகாய்க்குப் பஞ்சகவ்யா என்ற இயற்கைக் கரைசலைக் கடைசியாக எப்போது தெளித்தோம் என்பதெல்லாம் குழம்ப ஆரம்பித்தது. நோட்டு, தேதி கிழிக்கும் காலண்டர், ஃபோன் செயலி என்று மூன்றையும் முயன்று பார்த்துவிட்டு இப்போது டோடோயிஸ்ட் என்ற செயலியோடு இருக்கிறேன். அதன் பக்கம்தான் நான் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் வேண்டாம், மண் கையோடும் எழுதலாம். ஆனால் நாம் போய்த் திறந்தால்தான் அது பேசும். நவம்பர் கடைசியில் குண்டுமல்லிக்குக் கவாத்து (கிளை வெட்டுவது) என்று நானே எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தது ஜனவரி பாதியில். பங்குனியில் பூக்க வேண்டிய செடி அந்த வருடம் வெகுநாள் தள்ளித்தான் மொட்டு விட்டது.

காலண்டர் விஷயம் அப்படியில்லை. திண்டிவனம் பக்கம் மணிலா (நிலக்கடலை) போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையே நினைவூட்டியாக வைத்திருந்தார். ஒரு வேலையை முடித்ததும் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பதினைந்து தாள் எண்ணி, அந்தத் தாளில் பேனாவால் ‘மருந்து’ என்று எழுதுவார். அந்தத் தேதி வரும்போது எழுத்து கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும். செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் அவர் செய்ததில் ஒரு நுட்பம் இருப்பது புரிந்தது. அவர் எண்ணியது வேலை நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அல்ல, நடந்த நாளிலிருந்து.

என் தேர்வை முடிவு செய்தது இந்த ஒரு விஷயம்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் முதலில் வைத்திருந்தது இலவசமாகக் கிடைத்த ஒரு சாதாரணப் பட்டியல் செயலி. ‘வேப்ப எண்ணெய், ஏழு நாளுக்கு ஒருமுறை’ என்று பதிந்தேன். கோடையில் பிரச்சினையே இல்லை. ஐப்பசி பிறந்ததும் எல்லாம் மாறியது. சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நான்கைந்து நாள் விடாது. மழையில் தெளித்தால் மருந்து இலையில் நிற்காமல் வடிந்து போய்விடும், அதனால் காத்திருந்தேன். புதன்கிழமை தெளிக்க வேண்டியதை அடுத்த திங்கட்கிழமை தெளித்து, முடிந்தது என்று குறித்தேன். செயலி தன் பழைய கணக்கிலேயே நின்று, இரண்டே நாளில், புதன்கிழமை, மறுபடி தெளிக்கச் சொன்னது. நானும் அதை நம்பித் தெளித்தேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நாள் அது. மிளகாயின் இளந்தளிர் எல்லாம் ஓரம் கருகிப்போனது. லிட்டருக்கு 5 மில்லி என்ற அளவில் ஒரு குறையும் இல்லை, சோப்புக் கரைசலும் கலந்திருந்தேன். இடைவெளிதான் தப்பு.

அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகு வந்தது. தேதி தாண்டிய வேலைகள் சிவப்பாக அடுக்கடுக்காக நின்றன. அவற்றில் எது உண்மையிலேயே செய்ய வேண்டியது, எது கணக்குப் பிழையால் வந்தது என்று பிரிக்க முடியாமல், செய்யாததையும் செய்ததாகக் குறிக்க ஆரம்பித்தேன். கார்த்திகையில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்து, கத்தரிக்கும் பரவியபோது, கடைசியாக எப்போது தெளித்தேன் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

டோடோயிஸ்ட்டில் இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘எவ்ரி 15 டேஸ்’ என்று தட்டினால் காலண்டர் கணக்கு. ‘எவ்ரி’க்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தால், வேலையை முடித்துக் குறித்த நாளிலிருந்து பதினைந்து நாள். அப்பா தாள் எண்ணியதும் இதேதான். பஞ்சகவ்யா, வேப்ப எண்ணெய், மண்புழு உரம் மூன்றையும் ஆச்சரியக்குறியோடு வைத்திருக்கிறேன். மழையால் ஆறு நாள் தள்ளிப்போனால் அடுத்ததும் ஆறு நாள் தள்ளிப்போகும், செடிக்கு இடைவெளி குறையாது.

பட்டத்து வேலைகள், அதாவது விதைப்புப் பருவத்தை ஒட்டிய வேலைகள், இதற்கு நேர் எதிர். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லிவிட்டு, போன வருடம் தாமதமாக விதைத்தோம் என்பதற்காக இந்த வருடமும் தாமதிக்க முடியாது. இவற்றுக்கு நிலையான தேதி வேண்டும். நம் மாதங்கள் சூரியக் கணக்கில் வருவதால் இது சுலபம்: ஆடி முதல் தேதி ஜூலை 17-ஐ ஒட்டியே வரும், தை முதல் தேதி ஜனவரி 14 அல்லது 15. ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கொருமுறை என்று பதிந்தாலே போதும். நான் ஜூலை 5-இல் ‘மண் கலவை’ என்று வைத்திருக்கிறேன். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக் கலந்து, ஈரம் காட்டிப் பத்து நாள் விட்டால் ஆடி பிறக்கும்போது பீர்க்கு, பாகல், வெண்டை ஊன்றத் தயாராக இருக்கும். நாள் பார்த்து, வளர்பிறையில்தான் விதைப்பேன் என்பவர்களுக்கு மட்டும் இந்தச் செயலி உதவாது. அதற்கு இன்றும் காலண்டர்தான்.

சரி, கூகுளின் வேலைப்பட்டியல் செயலியான கூகுள் டாஸ்க்ஸ் போதாதா என்று கேட்கலாம். பட்டத்து வேலைகளுக்குப் போதும். கூகுள் கேலண்டரிலேயே தெரியும், காசும் இல்லை, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து பை வைத்து, கீரையும் தக்காளியும் மட்டும் போடுபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். முடித்த நாளிலிருந்து எண்ணும் வசதி அதில் இல்லாததுதான் எனக்குத் தடை.

தேதியே இல்லாத வேலைகளும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டபோது பைகளின் வடிகால் துளைகள் அடைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தக்காளி ஏழு பை, வேர் அழுகிப் போயின. அதற்குப் பிறகு ‘புயல்’ என்று தனிப் பட்டியல் ஒன்று போட்டேன்: நிழல்வலையைக் கழற்று, துளைகளைக் குச்சியால் குத்திவிடு, பந்தல் கயிற்றை இறுக்கு, தொங்கும் தொட்டிகளைக் கீழே இறக்கு. வானிலை மையம் எச்சரிக்கை விட்டதும் அதைத் திறப்போம். என் கணவரோடு பகிர்ந்து வைத்திருப்பதால் ஒருவர் செய்ததை மற்றவர் மறுபடி செய்வதில்லை.

குறைகளும் உண்டு. தேதிச் சொற்களை அது தமிழில் புரிந்துகொள்வதில்லை. வேலையின் பெயரைத் தமிழிலும் தேதியை ஆங்கிலத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. என் மாமியார் அதனாலேயே தொட மாட்டேன் என்கிறார். மண் கையோடு ஃபோனைத் தொட முடியாது. கை கழுவிவிட்டு வந்து குறிப்பதற்குள் மறந்துபோன நாட்கள் இருக்கின்றன. அப்புறம், முடித்த வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. எந்த விதை, எத்தனை நாளில் காய்த்தது, எது சுவை என்பதற்கு அது சரிப்படாது. அதற்காகப் பழைய நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை எழுதினால் போதுமானதாக இருக்கிறது.

இலவசக் கணக்கிலேயே என் வேலை நடக்கிறது, காசு கட்டிப் பார்த்ததில்லை. இரண்டு ஆடியைத்தான் இதோடு கடந்திருக்கிறேன். தென்னந்தோப்போ காய்கறி வயலோ வைத்து, ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கு இது சரிவருமா என்று என் 42 பையை வைத்து என்னால் சொல்ல முடியாது. மாடியில் செடி வைத்திருப்பவர்கள், எந்தச் செயலியை எடுத்தாலும் முதலில் ஒரு வேலையை மட்டும் பதிந்து, அதை மூன்று நாள் தாமதமாக முடித்துக் குறித்துப் பாருங்கள். அடுத்த தேதி எங்கே போய் விழுகிறது என்று பார்த்த பிறகு மற்ற வேலைகளை ஏற்றுங்கள்.