ஸ்டீபன் கிங்கா, முரகாமியா?

எழுத்தாளர் தன் எழுத்து வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் புத்தகம் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் எது? என் மேசையில் இரண்டு இருக்கின்றன: அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் ‘ஆன் ரைட்டிங்’ (2000), ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி தன் ஓட்டப் பழக்கத்தை வைத்து எழுதியது (2007).

கிங் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஆள். சின்ன வயதில், பத்திரிகைகள் கதையைத் திருப்பியனுப்பும் சீட்டுகளைச் சுவரில் ஆணியில் குத்தி வைக்கிறார். ஒரு கட்டத்தில் ஆணி பாரம் தாங்கவில்லை. பெரிய ஆணியாக அடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போகிறார்! ‘கேரி’ நாவலின் முதல் பக்கங்களைக் கசக்கிக் குப்பையில் போட்டவரும் அவர்தான். மனைவி டபிதா சிகரெட் சாம்பலை உதறி, காகிதத்தை நீவிப் படித்து, மேலே எழுதச் சொன்னார். வாசிப்பைப் பற்றியும் தாராளமாகப் பேசுகிறார்: வருஷத்துக்கு 70, 80 புத்தகமாம். வரிசையில் நிற்கும்போதுகூடப் படிப்பாராம்.

முரகாமி அளந்து பேசுவார். 1978-இல் டோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தபோது நாவல் எழுதலாமே என்று தோன்றியதாம். அப்போது ஜாஸ் இசை ஒலிக்கும் மதுக்கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். கடை மூடிய பிறகு, நடு இரவில் எழுதினார். ஓட்டம் வந்தது 1982-இல். தினமும் எழுத உட்காரும் உடம்பை எப்படித் தயார் செய்வது என்பதுதான் அவர் கவலை. வாசிப்பைப் பற்றி அவ்வளவாகக் கிடைக்காது. எனக்கு அது குறைதான்.

எழுத ஆரம்பிக்கவே தயங்குபவருக்குக் கிங். பாதி நாவலில் மூச்சு வாங்குகிறவர்களுக்கு முரகாமி. நான் இரவல் கொடுத்துத் திரும்பி வராதது கிங்தான், இரண்டு முறை.