ரெயூனியனுக்கு ஏற்ற ரிப்பன் எது? ஒரு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் கருவியின் மதிப்பீடு

இசைக்கேற்ப ரிப்பன், பந்து போன்ற கருவிகளோடு ஆடும் விளையாட்டான ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்கான 5 மீட்டர் ரிப்பன் ஒன்றையும் அதற்குரிய குச்சியையும் பிரான்ஸிலிருந்து இணையம் வழியே வரவழைத்தோம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சேன்த்-ஆந்த்ரே நகரில் பயிற்சி பெறும் என் மகள் ஒரு பருவம் முழுவதும் அவற்றைப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். துணி நன்று, குச்சி மிக நன்று, விற்ற கடையின் நடைமுறை மட்டும் மோசம்.

முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலரும் பணத்தை வீணாக்குவது இதில்தான். சர்வதேச விதிப்படி பெரியவர் பிரிவின் ரிப்பன் 6 மீட்டர், இளையோர் பிரிவினுடையது 5 மீட்டர். அகலம் 4 முதல் 6 செ.மீ. வரை, குச்சி நீங்கலாக எடை குறைந்தது 35 கிராம் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்த அழகை நினைத்து 6 மீட்டரை வாங்கிப் பத்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தால், கை சோர்ந்த அடுத்த நொடியே துணியின் வால் தரையில் புரளும், புரண்ட இடத்தில் முடிச்சு விழும். போட்டியில் முடிச்சு விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி அவிழ்க்க வேண்டியிருக்கும், மதிப்பெண்ணும் குறையும். எங்கள் பயிற்சியாளர் அம்மையார் 5 மீட்டருக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் சிறியவர்களுக்கு அதைவிடக் குட்டையானதே போதும் என்பது அவர் கருத்து.

மகளுக்கு இதில் வருத்தம்தான். அவள் விரும்பிப் பார்ப்பது பிரெஞ்சு வீராங்கனை ஏவா செரானோவின் பழைய ஒளிப்பதிவுகளை. 1978இல் பிரான்ஸின் நீம் நகரில் பிறந்த செரானோ, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் ஆறாம் இடத்தையும், 2000 சிட்னியில் ஐந்தாம் இடத்தையும் பெற்றவர். பதக்கம் இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம்: இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்த 1984 முதல் 2024 பாரிஸ் வரை எந்தப் பிரெஞ்சு வீராங்கனையும் தனிநபர் பதக்கம் வென்றதில்லை. ரஷ்யாவும் உக்ரைனும் பெலாரஸும் மேடையை நிறைத்திருந்த ஆண்டுகளில் அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளில் முதல் ஆறு இடங்களுக்குள் நின்றவரின் விளையாட்டு வாழ்க்கையை நான் சாதாரணமாக எண்ணவில்லை. அட்லாண்டாவில் கயிறு, பந்து, கிளப் (இரு கைகளிலும் பிடிக்கும் சிறு கட்டைகள்), ரிப்பன் ஆகிய நான்கு கருவிகளும் இருந்தன. சிட்னியில் கிளப்புக்குப் பதில் வளையம் வந்தது. அந்த வளையம்தான், வெல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ரஷ்யாவின் அலினா கபாயேவாவின் கையை விட்டு ஓடி, அவரை வெண்கலத்தோடு நிறுத்தியது. கருவி கைக்கு அடங்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய வீராங்கனைக்கும் அதே கதிதான் என்று மகளிடம் சொன்னபோது, 6 மீட்டர் ஆசையை அவள் ஒருவாறு தள்ளிவைத்தாள்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். குச்சி 50 செ.மீ., கண்ணாடி இழையால் ஆனது. பிடியில் ரப்பர் உறை சுற்றியிருப்பதால் வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை. குச்சியின் நுனியில் உள்ள சுழல் கொக்கிதான் இதில் மிகச் சிறந்த பகுதி. மலிவான குச்சிகளில் அது ஓரிரு மாதங்களில் இறுகிவிட, ரிப்பன் முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும். இதிலோ இன்றும் தடையின்றிச் சுழல்கிறது. ரிப்பனின் தொடக்கப் பகுதி இரட்டை மடிப்பாகத் தைக்கப்பட்டிருக்கிறது, தையல் பிரியவில்லை. வால் முனையில் மட்டும் இரண்டு இடங்களில் நூல் எழும்பியிருக்கிறது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், இந்தத் துணி நம் தீவின் கிழக்குக் கரைக்காக நெய்யப்பட்டதன்று. மழைக்காலத்தில் இந்தச் சாட்டின் துணி ஈரத்தை இழுத்துக் கனத்துவிடுகிறது. சுருள் விட வேண்டிய இடத்தில் தொய்ந்து விழுகிறது. கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலையைப் போல நிழலில் உலர்த்தி, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு, மடிக்காமல் சுருட்டி வைத்தால் மறுநாள் பழைய நிலைக்கு வந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று வேறொரு தொல்லை. எங்கள் கூடத்தின் சுவர்கள் மேற்பகுதியில் திறந்தவை. காற்று அடிக்கும் பக்கமாக நின்று ஆடினால் ரிப்பன் முகத்திலேயே வந்து சுற்றிக்கொள்கிறது. இதற்கு ரிப்பனைக் குறை சொல்வது நியாயமில்லை என்றாலும், மிக இலேசான துணியைத் தேர்ந்தெடுக்கும் முன் இங்குள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

விற்ற கடையைப் பற்றி மனம் கசந்தே எழுதுகிறேன். ரெயூனியனுக்கு அனுப்பும்போது பிரான்ஸின் 20 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரியைக் கழித்துவிட வேண்டும்; அந்தக் கடை கழிக்கவில்லை. பொட்டலம் இங்கு வந்து சேர்ந்ததும் இத்தீவுக்குரிய 8.5 விழுக்காட்டு வரியும், அதன்மேல் ஒக்த்ருவா த மேர் என்னும் உள்ளூர் வரியும், கூரியரின் கையாளும் கட்டணமும் சேர்ந்துகொண்டன. முதலில் செலுத்திய வரியைத் திருப்பித் தருமாறு எழுதிய கடிதங்களுக்கு, ஆவன செய்வதாக ஒரே வாசகத்தில் பதில் வந்துகொண்டிருக்கிறதே தவிரப் பணம் வரவில்லை. ஆகவே பணம் கட்டும் முன், கடல்கடந்த மாவட்டங்களுக்கு வரி நீக்கிய விலை காட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்டாத கடையை விட்டு விலகுங்கள்.

குச்சியையும் ரிப்பனையும் சேர்த்தே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரிப்பன் தேயும், குச்சி நெடுங்காலம் உழைக்கும் என்பதால், நல்ல குச்சி ஒன்றை வாங்கிவிட்டு ரிப்பனை மட்டும் மாற்றிக்கொள்வதே சிக்கனம். அடுத்த முறை நான் வாங்கவிருப்பதும் அதே 5 மீட்டர்தான், வேறொரு கடையில்.