மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: எனக்குப் போனது 680 வெள்ளி

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாராவது இந்த மாதச் சம்பளத்தில் மீன் தொட்டி வாங்க நினைத்திருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. டவுனில் இருக்கும் ஒரு வண்ண மீன் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 680 வெள்ளியை வாங்கிக்கொண்டு அப்புறம் பேசினார்களே ஒரு பேச்சு, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அப்பா காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முட்டி வலி வந்ததிலிருந்து தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்னறையிலேயே கிடக்கிறார். அவர் உட்கார்ந்து பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்றுதான் போனேன். நான் கேட்டது சாதாரண மீன். கடைக்காரத் தம்பி நேராக டிஸ்கஸ் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். வட்ட வட்டமாக, சிவப்பும் நீலமும் கோடு போட்டு, அழகான மீன். ஒன்று 45 வெள்ளி.

“புதுத் தொட்டியில் தண்ணியை நாலைந்து வாரம் ஓடவிட்டுத்தானே மீன் விடணும்?” என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

“அதெல்லாம் பழைய காலம்ணே. இந்தப் பாக்டீரியா பாட்டில ஊத்துங்க, இன்னிக்கே விடலாம்” என்றான். ஒரு கிளாஸை எடுத்து அவன் தொட்டித் தண்ணியை மொண்டு டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தான். “ஒரு தூசு இருக்கா பாருங்க.” இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. எந்தத் தோட்டம் என்று விசாரித்தான். சொன்னதும், “எங்க தாத்தாவும் அங்கதாண்ணே வேலை செஞ்சாரு, உங்கள ஏமாத்துவேனா?” என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பர்ஸைத் திறந்தேன். ஃபில்டரோடு மூன்றடித் தொட்டி 320, ஆறு மீன் 270, பாட்டில் 35.

வாரம் முடிவதற்குள் மீன்கள் கறுத்துப் போய், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. தண்ணி பால் கலந்த மாதிரி மங்கியிருந்தது. கடைக்கு ஓடினேன். “பழகுறதுக்கு டைம் எடுக்கும்ணே” என்று நீல மருந்து ஒன்றைக் கொடுத்தான், 25 வெள்ளி. தண்ணிக்குச் சத்து வேண்டும் என்று ஒரு பை பவளக் கல், 30 வெள்ளி. அந்த 55 வெள்ளியையும் சேர்த்துத்தான் 680. ஷெல்ஃபில் தண்ணி பரிசோதனைக் கிட் வரிசையாக நிற்கிறது. பாட்டிலில் கொண்டுபோன தண்ணியைக் கொஞ்சம் பார்த்துச் சொல் தம்பி என்றால், “அது விக்கிறதுக்குண்ணே.”

எல்லாம் செத்தன. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டு, “உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாது” என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டுகிறார். உள்ளே இருந்த தம்பி எட்டிப் பார்த்து, “உங்க வீட்டுப் பைப் தண்ணி சரியில்லண்ணே” என்றான்.

பைப் தண்ணிக்கு என்ன கேடு? பக்கத்துத் தாமானில் பல காலமாக மீன் வளர்க்கும் மாமா ஒருவர் தண்ணியைப் பரிசோதிக்கும் சொட்டு மருந்துக் கிட்டோடு வந்தார். கண்ணாடிக் குழாயில் பிடித்த பைப் தண்ணியில் மருந்தை விட்டால் மஞ்சளாகவே நின்றது, அதாவது அம்மோனியா இல்லை. தொட்டித் தண்ணி கரும்பச்சையாக மாறியது. லிட்டருக்கு 4 மில்லிகிராம். இருக்க வேண்டியது பூஜ்யம். பிஎச், அதாவது தண்ணியின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, 8-ஐத் தாண்டியிருந்தது.

மாமா விளக்கியபோதுதான் அந்த கிளாஸ் வித்தை புரிந்தது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணி தெளிவாக இருப்பது எதற்குமே சாட்சி இல்லை. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். இரண்டும் ஃபில்டர் பஞ்சில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். புதுத் தொட்டியில் அதுவரை கழிவெல்லாம் விஷமாகவே தேங்கும். பிஎச் ஏற ஏற அந்த விஷம் கூடும்: 7-லிருந்து 8-க்குப் போனால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. பவளக் கல் பிஎச்சை ஏற்றும் பொருள். டிஸ்கஸ் அமேசான் ஆற்று மீன், மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள தண்ணியில் வாழ்வது. அதற்குப் போய்ப் பவளக் கல்லை விற்றிருக்கிறான்! நீல மருந்து, மெத்திலின் புளூ, ஃபில்டரில் உண்டாகும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். மீன் விற்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாதா?

இன்னொன்று. அந்த 35 வெள்ளிப் பாட்டிலின் விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் காலாவதித் தேதி. நான் வாங்குவதற்கு முன்பே முடிந்திருந்தது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். தொட்டியை நாலைந்து வாரம் ஓடவிட்டு, கொஞ்சம் தீனி போட்ட பிறகும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று கிட் காட்டாமல் மீன் விடாதீர்கள். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் மருந்து ஊற்றாதீர்கள். தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய தண்ணியால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைப் பைப்பில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ரசீது கேட்டு வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு, அதில் 680-க்கு 625 மட்டும்தான் இருக்கிறது. அதையும் வாட்ஸ்அப் படங்களையும் காலாவதிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குப் போடலாம். இதே கடையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பாட்டிலையும் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.