கணவர் விசாவுக்கு ஃபார்ம் நிரப்பித் தரும் இணையதளம்: காசு கொடுக்கலாமா?

அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருந்துகொண்டு, சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 விண்ணப்பம் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் ஊரில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-130 என்ற குடும்ப மனுவைப் போடலாமா, இல்லை சிட்டிசனாக உறுதிமொழி எடுக்கும்வரை பொறுக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்தியது ஒரு தனியார் இணையதளம். பெயர் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி இன்னும் சில இருக்கின்றன, விளம்பரமும் விலையும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். சில நூறு டாலர் வாங்கிக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டு, நம் பதிலை அரசாங்க ஃபார்மில் ஏற்றி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று பட்டியல் கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கிப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பது நம் வேலை. அரசாங்கக் கட்டணம் தனி. "நாங்கள் வக்கீல் இல்லை, சட்ட ஆலோசனை தரமாட்டோம்" என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, அதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கார்டு நம்பரைக் கொடுக்க வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் முதல் பாதி வேலைக்கு மட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்விகள் தெளிவாக இருக்கின்றன. ஐந்து வருட முகவரி, ஐந்து வருட வேலை விவரம் என்று ஐ-130 கேட்பதையெல்லாம் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம், போட்டது போட்டபடி இருக்கும். தேதிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால் சிவப்பில் காட்டுகிறது. ஃபார்மின் புதிய பதிப்பைத்தான் கொடுத்தார்கள், இது சின்ன விஷயம் இல்லை, பழைய பதிப்பில் அனுப்பினால் கட்டோடு திரும்பி வந்துவிடும். அரசாங்க ஃபார்மைப் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களுக்கு இதெல்லாம் உதவிதான்.

ஆனால் பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்பும் முறை இருக்கிறதே, அதிலேயே ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஐ-130 காகிதத்தில் போட்டால் 675 டாலர், குடியுரிமைத் துறையின் சொந்த ஆன்லைன் கணக்கில் போட்டால் 625. கணக்குத் திறக்க ஒரு பைசா கிடையாது. ஆக, இவர்களுக்குக் கொடுத்த காசு போக, இவர்கள் வழியாகப் போனதற்காகவே இன்னொரு 50 டாலர். இதை எங்கேயும் சொல்வதில்லை. என்-400க்கும் இதே 50 டாலர் வித்தியாசம், காகிதத்தில் 760, ஆன்லைனில் 710.

அடுத்தது பெயர் விவகாரம். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், சொந்தப் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், கல்யாணச் சான்றிதழில் பின்னால். இந்த இணையதளமோ இரண்டு கட்டமும் நிரம்பினால்தான் அடுத்த பக்கத்துக்கே விடுகிறது. உதவிக்கு இருந்தவரிடம் சாட்டில் கேட்டால் "பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுங்கள்" என்றார். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி அம்மா, அதைத்தானே கேட்கிறேன்! குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கிற பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு', அதாவது முதல் பெயர் தெரியாது என்று விழும். இது இந்தியாவிலிருந்து மனுப் போடுகிறவர்களுக்குத் தினசரிக் கதை. காசு வாங்குகிற இடத்தில் இது தெரிந்திருக்க வேண்டாமா? முடிந்தால் மனுப் போடுவதற்கு முன்பே ஊரில் பாஸ்போர்ட்டைப் பெயர் பிரித்து மாற்றி வாங்கிவிடுவது உத்தமம்.

காகிதப் பட்டியலும் அப்படியே. சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டு ஒப்பந்தம், இருவர் பெயரிலும் மின்கட்டண ரசீது, ஜாயின்ட் அக்கவுண்ட் என்று கேட்கிறது. ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே இருப்பதால்தானே இந்த மனுவே! எங்களைப் போன்றவர்களுக்கு வேலைக்கு ஆவது வேறு: பதிவுத் திருமணச் சான்றிதழ், பத்திரிகை, மண்டப ரசீது, இரு வீட்டாரோடும் இருக்கும் படங்கள், போய்வந்த விமான டிக்கெட், பணம் அனுப்பிய பதிவுகள், இன்சூரன்ஸில் நாமினியாகப் போட்ட காகிதம். கோயிலில் கொடுத்த ரசீதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சான்றிதழ்தான் கேட்பார்கள். தமிழில் இருக்கும் காகிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கு இந்தத் தளம் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாக விற்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து, முழுமையாகவும் சரியாகவும் செய்தேன், எனக்கு இந்த மொழிகள் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலே குடியுரிமைத் துறைக்குப் போதும். நோட்டரியும் வேண்டாம்.

கணவர் நிரப்ப வேண்டிய ஐ-130ஏ ஃபார்மில் அவருடைய கையெழுத்து கட்டாயம், கூரியரில் வரவழையுங்கள் என்றும் சொன்னார்கள். துணை வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கையெழுத்து தேவையில்லை என்று ஃபார்மின் வழிமுறையிலேயே எழுதியிருக்கிறது. ஃபார்மை நிரப்பி வைத்தால் போதும்.

சரி, இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். என் உண்மையான குறை வேறு. ஆரம்பத்தில் ஒரு கேள்வி வருகிறது: நீங்கள் சிட்டிசனா, கிரீன் கார்டா? கிரீன் கார்டு என்று அழுத்தினால் அதற்கேற்ற வழியில் கொண்டுபோகிறது. என்-400 நிலுவையில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இடையில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமானதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கிரீன் கார்டுக்காரரின் துணை எஃப்2ஏ என்ற பிரிவில் வருகிறார். அதற்கு வருடத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை உண்டு, அமெரிக்க அரசாங்கம் வெளியிடும் விசா புல்லட்டின் என்ற வரிசைப் பட்டியலை மாதாமாதம் பார்த்துக்கொண்டு நம் தேதி வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். 2019 ஜூலையிலிருந்து சில வருடம் இந்தப் பிரிவில் வரிசையே இல்லாமல் இருந்தது, 2023 ஏப்ரலில் மறுபடி பின்னுக்குப் போனது. பழைய அனுபவத்தை வைத்து "அதெல்லாம் உடனே கிடைக்கும்" என்று சொல்கிற உறவினர்களை நம்பாதீர்கள். சிட்டிசனின் துணைக்கோ எண்ணிக்கைக் கட்டுப்பாடே கிடையாது. நல்ல செய்தி என்னவென்றால், கிரீன் கார்டில் இருக்கும்போது போட்ட ஐ-130 வீணாகாது. உறுதிமொழி எடுத்த அன்றே அது தானாக அடுத்த பிரிவுக்குத் தகுதியாகிவிடும், புதிதாக மனுவோ கட்டணமோ கிடையாது. அதனால் காத்திருக்காமல் இப்போதே போட்டுவிடுவதுதான் சரி.

தகுதி தானாக வந்தாலும் தகவல் தானாகப் போய்ச் சேராது. மனு இன்னும் குடியுரிமைத் துறையில் இருந்தால் அவர்களுக்கும், ஒப்புதலாகி, நேர்காணலுக்கு முன் காகிதங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டருக்குப் போயிருந்தால் அங்கேயும், குடியுரிமைச் சான்றிதழ் நகலை நாம்தான் அனுப்ப வேண்டும். அந்தச் சான்றிதழிலேயே அனுமதியின்றி நகல் எடுப்பது குற்றம் என்று அச்சடித்திருக்கும், பார்த்துவிட்டுப் பயந்துபோய் நகலே எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. இந்த மாதிரி முறையான தேவைக்கு எடுக்கலாம். இதில் ஒன்றுகூட அந்தத் தளத்தில் இல்லை. நான் கேட்டபோது, சிட்டிசன் ஆனதும் "புதிய பேக்கேஜ்" வாங்கிப் புதிதாக மனுப் போடச் சொன்னார்கள்! கூடவே கே-3 விசாவும் எடுத்துக்கொண்டால் சீக்கிரம் வரலாம் என்று ஒரு வியாபாரம். கே-3 சிட்டிசனின் துணைக்கு மட்டும் உள்ளது, நடைமுறையில் ஐ-130 முதலில் ஒப்புதலாகிவிட்டால் கே-3 அப்படியே மூடப்பட்டுவிடும், போட்ட காசும் நேரமும் போச்சு.

குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எஃப்2ஏ-வில் துணைக்குப் போட்ட மனுவிலேயே 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளையும் தொற்றிக்கொண்டு வரலாம். நீங்கள் சிட்டிசன் ஆனதும் அந்த வசதி போய்விடும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஐ-130 வேண்டும். மனுவில் பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டால் அம்மாவுக்கு விசா வரும், பிள்ளை ஊரில் நிற்கும். தளமோ "பிள்ளைகளுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை" என்று பெருமையாக விளம்பரம் செய்கிறது.

இன்னொன்று, கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களில் பலருக்கு ஐ-130 தேவையே இருக்காது. வேலை வழியாகக் கார்டு வாங்கியவர்களின் துணை பின்தொடர்ந்து வந்து சேர வழி இருக்கிறது. கல்யாணத் தேதியையும் கார்டுத் தேதியையும் இரண்டையும் கேட்டு வாங்குகிற தளம் அதை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு எச்சரிக்கையாவது காட்டலாம், காட்டவில்லை.

கடைசியில் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் காசு கட்டினேன். மேலே சொன்னதில் பாதி அங்கே தெரிந்துகொண்டதுதான். என்-400 நிலுவையில் இருக்கும்போது கணவரைப் பார்க்கப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ந்து வசித்த கணக்கில் சிக்கல் வரும் என்று அவர்தான் தேதி போட்டுக் காட்டினார். உறுதிமொழி நாளில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டையும் பயன்படுத்தக் கூடாது, ஆகவே அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ கைக்கு வரும்வரை ஊர்ப் பயணம் வைக்காதீர்கள் என்றார். இந்தியாவில் இந்த மாதிரிக் குடும்ப விசாவுக்கு நேர்காணல் மும்பையில்தான், சென்னையில் இல்லை. கணவரோடு போய் நிற்கலாம் என்று கனவு காண்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். விசா சென்டர் கட்டத்தில் 325 டாலரும், வருமான உறுதிக்கு 120 டாலரும் தனியாக வரும், அமெரிக்க வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் நாம் காட்ட வேண்டும். இங்கே வந்து சேரும்போது கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் துணைக்கு முதலில் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான்.

அதனால் யாருக்கு இந்தத் தளம் சரிப்படும்? ஏற்கெனவே சிட்டிசன், பிள்ளைகள் இல்லை, பாஸ்போர்ட்டில் பெயர் ஒழுங்காகப் பிரிந்திருக்கிறது, கம்ப்யூட்டரில் ஃபார்ம் நிரப்புவது மட்டும்தான் பயம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. என்-400 நிலுவையில் இருப்பவர்கள் அதே பணத்தை வக்கீலின் ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஃபார்மை அரசாங்கத் தளத்தில் தாங்களே போடலாம். வக்கீல் என்று சொல்லிக்கொள்கிறவர் மாநிலத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீலோ நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியோ தவிர வேறு யாரும் இதில் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது.

"மனு நிராகரிக்கப்பட்டால் முழுப் பணமும் வாபஸ்" என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வாபஸ் அவர்களுடைய கட்டணத்துக்கு மட்டும், அரசாங்கத்துக்குக் கட்டிய 675 டாலருக்கு இல்லை. தவறான பிரிவில் மாதக்கணக்கில் கிடந்தால் அது நிராகரிப்பு ஆகாது, கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தாலும் ஆகாது. இந்த வரியைச் சாட்டில் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறேன், பதில் கொடுத்தவர் மட்டும் மிகவும் மரியாதையாகப் பேசினார்.