மதிப்பெண் இல்லாத தேர்வுகள்: ஒரு பருவம் எழுதிப் பார்த்த பின்

முதலாண்டுப் பொது வேதியியல் பாடத்தோடு எங்கள் பல்கலைக்கழகம் வழங்கும் இணையவழிப் பயிற்சித் தேர்வுகளை ஒரு பருவம் முழுவதும் எழுதினேன். வாரத்துக்கு ஒன்று வரும். எழுதினால் மதிப்பெண் கூடாது, எழுதாவிட்டால் குறையாது.

இச்சேவையின் உண்மையான பலம், தவறான விடைக்கு அது தரும் மறுமொழியில் இருக்கிறது. 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் அதிகபட்சம் எவ்வளவு நீர் உண்டாகும் என்ற வினாவுக்கு, ஹைட்ரஜனை மட்டும் கணக்கில் கொண்டு 36 கிராம் என்று விடையளித்தேன். சிவப்புக் குறியிட்டு நகர்ந்துவிடாமல், மொத்தம் 20 கிராம் பொருளிலிருந்து 36 கிராம் எப்படி வந்தது என்று அது திருப்பிக் கேட்டது. ஆக்சிஜன் அரை மோல்தான் (மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) இருக்கிறது, 2 கிராம் ஹைட்ரஜனோடு சேர்ந்து அது தீர்ந்ததும் வினை நின்றுவிடும், ஆகவே 18 கிராம் நீரும் எஞ்சிய 2 கிராம் ஹைட்ரஜனுமே கிடைக்கும் என்பது அதன்பின் தானாகவே விளங்கியது. விரிவுரையில் இதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான் நான்.

குறை, மறுமுயற்சியில் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எண்கள் மாறுவதில்லை, விடைகளின் வரிசையும் மாறுவதில்லை. மூன்றாம் முறை நினைவில் நிற்பது வேதியியல் அன்று, விடை இருந்த இடம்.

பயன்படுத்தியோர் இறுதித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர் என்று முகப்பில் எழுதியிருப்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். கட்டாயமில்லாத ஒன்றைத் தேடி வந்து செய்பவர்களில் பலர், இது இல்லாவிட்டாலும் நன்றாகப் படித்திருப்பார்கள். முந்தைய தேர்வுகளில் ஒத்த மதிப்பெண் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டாலும் ஆர்வம் என்பது கணக்கில் சிக்காது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் இதைத் தந்து பார்த்தால்தான் ஓரளவு தெளியும். அதற்காகப் பயிற்சித் தேர்வே வீண் என்று சொல்லவில்லை. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பாடப்பகுதியைத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர்.

இங்கே எல்லாத் தேர்வுகளும் பருவ இறுதிவரை திறந்தே கிடப்பதால், என் வகுப்பில் பலர் அவற்றைக் கடைசி வாரத்தில் மொத்தமாக முடித்தனர்; இடைவெளிவிட்டு நினைவுகூர்வதன் பயன் அவர்களுக்குக் கிட்டியிராது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். சேர்பவர்கள், விடைகளை மறைத்துவிட்டு முதலில் தாளில் கணக்கிடுங்கள்.